கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி: பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை, மொத்தம் 340 பேர். அண்மையில் காது கேளாத ஆறு பேரை அசெம்ப்ளி லைனிலும், பார்வையற்ற ஒருவரைக் கணக்குப் பிரிவிலும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கூட இருப்பவர்களுக்குத்தான் எப்படிப் பழகுவது என்று புரியவில்லை. சூப்பர்வைசர்கள் தயங்குகிறார்கள், அல்லது பரிதாபப்பட்டு வேலையே கொடுக்காமல் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஊழியர்களுக்கு மூன்று நாள் சமத்துவப் பயிற்சி நடத்தித் தர ஒரு நிறுவனம் ரூ.1,80,000 கேட்கிறது. எம்.டி. சொன்னது: "அரசு மானியம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா சிஎஸ்ஆர்ல போட்டுடலாம்." (சிஎஸ்ஆர் என்பது, ஓரளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை.) எச்ஆர் பொறுப்பில் இருக்கும் நீங்கள் இந்த இரண்டில் எது நடக்கும் என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே நடக்காது. தனியார் தொழிற்சாலை ஒன்று தன் ஊழியர்களுக்கு இந்தப் பயிற்சியை நடத்தினால், "இந்தாருங்கள், பாதிச் செலவு" என்று கொடுக்கிற மானியத் திட்டம் இந்தியாவில் இல்லை. சிஎஸ்ஆரில் எழுதுவது விதிக்கு விரோதம். கம்பெனியின் சொந்தப் பணத்தில்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பணம் 1,80,000 ஆக இருக்கத் தேவையில்லை. அதோடு, இந்த ஏழு பேரை முன்னிட்டு உங்களுக்கு வர வேண்டிய வேறொரு பணம் கேட்பாரில்லாமல் கிடக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சிஎஸ்ஆர். இந்தத் தவறை நல்ல எண்ணத்தோடு செய்பவர்களே அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு ரூ.500 கோடி, அல்லது விற்றுமுதல் ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தால்தான் சிஎஸ்ஆர் கடமை வரும். உங்கள் அளவுள்ள தொழிற்சாலைக்குப் பெரும்பாலும் அந்த லாபக் கணக்கில்தான் வரும். வந்தால், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். எதில் செலவழிக்கலாம் என்பதற்கு ஏழாவது அட்டவணை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கல்வி, வேலைவாய்ப்புத் திறன் பயிற்சி ஆகியவை அதில் உண்டு. இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் உங்கள் எம்.டி.யைப் போலப் பலரும் "நம்ம பயிற்சியும் இதில் வந்துடுமே" என்கிறார்கள்.

வராது. 2014-ஆம் ஆண்டின் சிஎஸ்ஆர் விதிகள் 2021 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, எவையெல்லாம் சிஎஸ்ஆர் ஆகாது என்ற பட்டியல் தெளிவாகவே எழுதப்பட்டது. கம்பெனியின் ஊழியர்களுக்குப் பயன்தரும் செயல்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி–பதில் சுற்றறிக்கை இன்னும் கொஞ்சம் விளக்கியது. ஊழியர்களுக்காக மட்டுமே திட்டமிட்ட வேலை சிஎஸ்ஆர் ஆகாது. பொதுமக்களுக்காகத் திட்டமிட்ட ஒன்றில் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தற்செயலாகப் பயன்பெற்றால் தவறில்லை. உங்கள் சூப்பர்வைசர்களுக்கு, உங்கள் ஷெட்டுக்குள், உங்கள் லைன் நன்றாக ஓடுவதற்காக நடத்தும் பயிற்சி இதில் எந்தப் பக்கம் விழும் என்று ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

சிலர் இதைச் சுற்றி ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பயிற்சி தரும் தொண்டு நிறுவனத்துக்கு 'நன்கொடை' என்று கொடுத்துவிடுவது, அவர்கள் 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெற உதவும் ரசீது) தருவது, பயிற்சி 'இலவசமாக' நடப்பது. இரண்டு முறை இந்த யோசனையோடு வந்த கம்பெனிகளிடம் நான் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். கைக்குச் சேவை வந்துவிட்டால் கொடுத்தது கட்டணம், நன்கொடை அல்ல. அந்தத் தொண்டு நிறுவனத்தையும் சிக்கலில் இழுத்துவிடுகிறீர்கள். இத்தனைக்கும், உங்கள் கம்பெனி 22 சதவீதச் சலுகை வரி முறைக்கு மாறியிருந்தால் 80ஜி கழிவே கிடைக்காது. கிடைக்காத சலுகைக்காகப் பொய்க் கணக்கு எழுதுவானேன்.

நேர்வழியில் இதன் கணக்கு எப்படி வருகிறது பாருங்கள். ஊழியர் பயிற்சி என்பது சாதாரண வியாபாரச் செலவு. முழுத்தொகையும் லாபத்தில் கழியும். மேல்வரி, செஸ் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம் வரி கட்டுகிற கம்பெனிக்கு, 1,80,000 செலவழித்தால் வரியில் சுமார் 45,300 மிச்சம். பயிற்சியாளர் போடும் 18 சதவீத ஜிஎஸ்டிக்கு நீங்கள் உள்ளீட்டு வரிக் கடன் எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆக உண்மைச் செலவு 1,35,000க்குச் சற்றுக் கீழே. இதையே சிஎஸ்ஆரில் எழுதினால் என்ன ஆகும்? சிஎஸ்ஆர் செலவை வியாபாரச் செலவாகக் கழிக்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2014-லேயே எழுதிவிட்டார்கள். வரிச் சலுகை போகும், ஆடிட்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தத் தொகை 'செலவழிக்காத சிஎஸ்ஆர்' ஆகவும் நிற்கும். எம்.டி.யிடம் நியாயம், சமத்துவம் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சீக்கிரம் புரியும்.

சிஎஸ்ஆர் பணத்துக்கு இந்த விஷயத்தில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஓசூர் சுற்றுவட்டாரத்தில் வேலை தேடும் காது கேளாத இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, சைகை மொழிபெயர்ப்பாளர் ஆக விரும்புகிறவர்களின் படிப்புச் செலவு, ஒரு சிறப்புப் பள்ளிக்குப் பட்டறை, இவை தாராளமாக வரும். அங்கே பயின்றவரை நாளைக்கு நீங்களே வேலைக்கு எடுக்கலாம். செயல்படுத்தும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

இனி அரசு மானியம். மத்திய அரசிடம், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கென்று 'சிப்டா' எனப்படும் திட்டம் இருக்கிறது. தடையற்ற கட்டடங்கள், திறன் பயிற்சி, விழிப்புணர்வு என்று அதில் பல கிளைகள். அந்தப் பணம் மாநில அரசுகள், அரசு நிறுவனங்கள், பதிவு பெற்ற அமைப்புகள் வழியாகப் போகிறது. லாபம் ஈட்டும் கம்பெனி கையில் வராது. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டமும் அப்படித்தான். 2022 ஜூனில் வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்கள் பயிற்சிக்கு வராது; ஆனால் அதில் உருவாகும் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் இருப்பவர்கள் உங்களுக்கு உதவக்கூடிய ஆட்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருப்பார். அவரைப் போய்ப் பாருங்கள். பணம் கேட்டுப் போகாதீர்கள், ஆள் கேட்டுப் போங்கள். சைகை மொழி தெரிந்தவர் யார், மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் எங்கே கூடுகிறது என்பதெல்லாம் அங்கே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் உள்ளே பட்ஜெட் வாங்குவதற்கான பிடி அங்கேதான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், அதன் பிரதியை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தனியார் என்றும் விதிவிலக்கில்லை. 2017-ஆம் ஆண்டின் விதிகளில் 8-ஆவது விதி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்தின் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை செய்யத் தேவையான வசதிகள், எந்தெந்தப் பணிகள் பொருத்தமானவை, தேர்வு முறை, வேலையில் சேர்ந்த பிறகான பயிற்சி, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், இதையெல்லாம் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலர்.

இதில் 'பயிற்சி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தரும் பயிற்சி. பக்கத்து மேசைக்காரருக்கும் மேலாளருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தனியார் நிறுவனத்துக்கு இந்தச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. 47-ஆவது பிரிவு நீதிபதிகள், வழக்கறிஞர்கள், காவல்துறையினர், நிர்வாகிகள், ஊராட்சி உறுப்பினர்கள் என்று பெயர் சொல்லிப் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் அந்தப் பட்டியலில் இல்லை. என் பார்வையில் சட்டத்தின் பெரிய ஓட்டை இது. மாறவேண்டியவர் மாற்றுத்திறனாளிதான் என்ற பழைய எண்ணம் 2016-லும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவது முதலாளியின் கடமை என்று எழுதியிருக்கிறது. அதனால் உங்கள் பட்ஜெட்டில் 'போஷ்' பயிற்சிக்கு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதற்கு மானியம் உண்டா என்று எந்த எம்.டி.யும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீயணைப்புப் பயிற்சிக்கும் கேட்பதில்லை. கடமை என்று எழுதிவிட்டால் பணம் எப்படியோ வந்துவிடுகிறது.

ஆகவே நீங்களும் எழுதிவிடுங்கள். சம வாய்ப்புக் கொள்கையை எப்படியும் வெளியிட்டே ஆக வேண்டும். (இன்னும் வெளியிடவில்லை என்றால் அதுவே சட்ட மீறல்: முதல் தடவை ரூ.10,000 வரை, அடுத்தடுத்த தடவைகளில் ரூ.50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம்.) அந்தக் கொள்கையில், "மாற்றுத்திறனாளி ஊழியருடன் நேரடியாகப் பணியாற்றும் அனைவருக்கும், மேற்பார்வையாளர்களுக்கும், காவலாளிகளுக்கும் ஆண்டுதோறும் பயிற்சி அளிக்கப்படும்" என்று ஒரு வாக்கியம் சேருங்கள். ஆணையரிடம் போய்ச் சேர்ந்த காகிதத்தில் இருக்கும் வாக்கியத்துக்கு அடுத்த ஏப்ரலில் ஒரு பட்ஜெட் தலைப்பு திறக்கச் சொல்வது எளிது. இந்த ஆண்டு பயிற்சிக்கு மட்டும் பணம் கேட்டால் இந்த ஆண்டோடு முடிந்துபோகும்.

வெளிநாட்டில் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் எம்.டி. ஜெர்மன் வாடிக்கையாளர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார் என்று எழுதியிருந்தீர்கள், அதற்காக. ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி 5 சதவீத இடங்களைக் கடுமையான ஊனம் உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிரப்பாத ஒவ்வோர் இடத்துக்கும் மாதந்தோறும் தீர்வை. ஒருவரைக்கூட எடுக்காத பெரிய நிறுவனத்துக்கு 2024-இல் அது இடத்துக்கு 720 யூரோ. அந்தத் தீர்வைப் பணத்திலிருந்துதான் அங்குள்ள ஒருங்கிணைப்பு அலுவலகங்கள் பணியிட மாற்றங்களுக்கும், ஊழியர் பிரதிநிதிகளுக்கான பயிற்சிக்கும் செலவழிக்கின்றன. எடுக்காதவர் கட்டும் காசில் எடுத்தவருக்கு உதவி. பிரிட்டனில் 1994 முதல் நடக்கும் 'ஆக்சஸ் டு வொர்க்' திட்டத்தில், கூட வேலை பார்ப்பவர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சியும் ஒரு செலவினம். ஆனால் விண்ணப்பிப்பவர் முதலாளி அல்ல, மாற்றுத்திறனாளி ஊழியர். அயர்லாந்தின் 'வொர்க் அண்ட் ஆக்சஸ்' திட்டத்தில் சமத்துவப் பயிற்சி தனித் தலைப்பாகவே இருக்கிறது. நம் சட்டத்திலும் 35-ஆவது பிரிவில் அதே 5 சதவீதம் உண்டு. ஆனால் இங்கே தீர்வை கிடையாது. அரசு தன் பொருளாதார வசதிக்கு ஏற்ப முதலாளிகளுக்கு ஊக்கத்தொகை தரும் என்பதோடு நிற்கிறது. தீர்வை இல்லாத இடத்தில் நிதி எப்படிச் சேரும்?

அந்த ஊக்கத்தொகையைத்தான் முதலில் 'கேட்பாரில்லாத பணம்' என்றேன். 2008 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் ஒரு திட்டம் இருக்கிறது. தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால், மாதச் சம்பளம் ரூ.25,000 வரை உள்ளவர்களுக்கு, முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை அரசே கட்டும் என்பது திட்டம். தொடங்கியபோது முதல் மூன்று ஆண்டுகளுக்கு என்று வைத்தார்கள். எத்தனையோ எச்ஆர் மேலாளர்களிடம் இதைச் சொல்லி, "அப்படியா சார்?" என்ற பதிலைத்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் ஏழு பேருக்கும் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.பில் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் 3.25 சதவீதம், 487 ரூபாய் சொச்சம். ஓர் ஆளுக்கு மாதம் சுமார் 2,287. ஏழு பேருக்கு ஆண்டுக்கு 1,92,000க்கு மேல். உங்கள் கொட்டேஷன் தொகையை விட அதிகம்!

இது பயிற்சிக்கு வந்த மானியம் அல்ல, சம்பளச் செலவில் ஏற்படும் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தைக் காட்டி "இதில்தான் பயிற்சி நடக்கப்போகிறது" என்று நீங்கள் உள்ளே பேசலாம். ஏழு பேருக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் அல்லது தேசிய அடையாள அட்டை இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். அதன் பிறகு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டு அலுவலகங்களிலும் இன்றைய தேதிக்கு உள்ள நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் "அதெல்லாம் இப்போ இல்லைங்க" என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி அந்த 1,80,000. கொட்டேஷனை நீங்கள் இணைத்திருந்தீர்கள், படித்தேன். மூன்று நாள், 60 பேர், 'மெட்டீரியல்', 'சான்றிதழ்', ஹோட்டல் ஹால். சைகை மொழிபெயர்ப்பாளர் என்ற வரியே அதில் இல்லை. காது கேளாத ஆறு பேர் வேலை பார்க்கும் இடத்தில், அவர்களைப் பற்றிய பயிற்சியில், அவர்கள் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. இதற்கு மேல் அந்தக் கொட்டேஷனைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

கட்டணத்தை விடப் பெரிய செலவு ஒன்று கொட்டேஷனில் தெரிவதே இல்லை. 60 பேர் மூன்று நாள் லைனை விட்டு வெளியே இருந்தால் 180 ஆள்நாள். உற்பத்தி மேலாளர் இதைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார், சுளிப்பது நியாயம். அதனால்தான் நான் ஒருபோதும் மூன்று நாள் பயிற்சி வைக்கச் சொல்வதில்லை. உங்களுக்கு நான் சொல்வது வேறு மாதிரி. சூப்பர்வைசர்கள், லைன் லீடர்கள், எச்ஆர், கணக்குப் பிரிவில் அந்தப் பார்வையற்ற ஊழியரோடு இருப்பவர்கள், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, கேன்டீன் பொறுப்பாளர் எல்லாம் சேர்த்து 45 பேர் வரலாம். இவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆளுக்கு இரண்டு மணி நேரம். அது மொத்தம் 11 ஆள்நாள். லைனில் அந்த ஆறு பேருக்குப் பக்கத்தில் நிற்கும் 12 பேருக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிடம், பத்து வாரம் சைகை மொழி. அது இன்னொரு 10 ஆள்நாள். 180 இருந்த இடத்தில் 21.

அந்த 20 நிமிட வகுப்பை நடத்த வேண்டியவர்கள் உங்கள் ஆறு பேர்தான். லைனில் தேவைப்படும் சொற்கள் நூறு இருக்குமா? 'நிறுத்து', 'ரிஜெக்ட்', 'டூல் மாற்று', 'சூடு', 'ஓவர்டைம் இருக்கு', 'பஸ் லேட்'. அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும், அதற்கு அவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள். வகுப்புக்குப் பாடப்புத்தகமாக அது போதும். தொடக்கத்தில் ஒழுங்குபடுத்த ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று தடவை வந்தால் நல்லது.

இரண்டு மணி நேர அமர்வுகளுக்கு வெளியாள் வேண்டும். ஓசூரில் இருப்பதால் உங்களுக்கு இரண்டு பக்கமும் வசதி. பெங்களூரில் 1999 முதல் இயங்கும் எனேபிள் இந்தியா இருக்கிறது. சென்னையில் எபிலிட்டி ஃபவுண்டேஷன், வித்யாசாகர் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இதே துறையில் இருப்பவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இவர்கள் எல்லாரிடமும் கொட்டேஷன் கேளுங்கள். யாரிடம் கேட்டாலும் மூன்று விஷயம் பாருங்கள். நடத்துபவர்களில் குறைந்தது ஒருவராவது மாற்றுத்திறனாளியா? சைகை மொழிபெயர்ப்பாளர் செலவு சேர்ந்திருக்கிறதா? (இரண்டு மணி நேரத்துக்கு இருவர் வேண்டும், மாறி மாறிச் செய்வார்கள், ஒருவரை மட்டும் நிற்கவைத்தால் அரை மணி நேரத்தில் கைகளும் மூளையும் சோர்ந்துவிடும்.) முன்கூட்டியே ஒருநாள் வந்து உங்கள் ஷெட்டைச் சுற்றிப் பார்ப்பார்களா?

கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பேசுவது போன்ற விளையாட்டுகளைப் பயிற்சி என்று விற்கிறவர்களைத் தவிர்த்துவிடுங்கள். பத்து நிமிடம் கண்ணைக் கட்டியவருக்குத் தெரிவதெல்லாம் திடீரெனப் பார்வை போனவரின் பயம். இருபது ஆண்டுகளாகப் பார்வையில்லாமல் படித்து, வேலை பார்த்து, பஸ் பிடித்து வருபவரின் திறமை அல்ல. ஒரு தொழிற்சாலையில் இந்த விளையாட்டு முடிந்த மறுவாரம், பார்வையற்ற ஊழியரிடமிருந்து இரண்டு வேலைகளை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "பாவம், அவ்வளவு கஷ்டப்படுறாரேன்னுதான்" என்றார் மேலாளர், உண்மையான அன்போடு. அந்த ஊழியர் என்னிடம் கேட்டது: "சார், உங்க பயிற்சியால எனக்கு என்ன லாபம்?" நடத்தியது நானில்லை. ஆனாலும் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு விஷயம், பயிற்சித் தலைப்பில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். காது கேளாதவர்களுக்குத் தீ அபாயச் சங்கு கேட்காது. சுழலும் எச்சரிக்கை விளக்கு வேண்டும், கழிப்பறையிலும் வேண்டும். அது பாதுகாப்புச் செலவு, தொழிற்சாலைப் பாதுகாப்பு பட்ஜெட்டில் போகட்டும். ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதற்குச் செலவே இல்லை. கணக்குப் பிரிவு ஊழியருக்குத் திரை வாசிப்பான் (கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) வேண்டும் என்றால் என்விடிஏ இலவசம். அவர் ஜாஸ் பழகியவர் என்றால் அதை வாங்கித்தாருங்கள், அது ஐ.டி. செலவு. இப்படிப் பிரித்து எழுதும்போது பயிற்சிக்கென்று மிஞ்சும் தொகை சின்னதாகிவிடும், கையெழுத்தும் சீக்கிரம் விழும்.

"செலவழிக்காவிட்டால் என்ன நட்டம்?" என்று எம்.டி. கேட்டால் சொல்ல ஒரு வழக்கு இருக்கிறது. 2012 பிப்ரவரி 19 அன்று, மூளை முடக்குவாதம் உள்ள சமூகச் செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்த விமான ஊழியர்கள் உடல்நலம் சரியில்லாதவர் என்று முடிவுகட்டி இறக்கிவிட்டார்கள். அவரிடம் பேசிப் பார்க்க வேண்டும், என்ன உதவி வேண்டும் என்று கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விமான நிறுவனத்தை ரூ.10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் லைனில் நடப்பதும் அதுதான்.

உங்கள் வாடிக்கையாளர்களில் பட்டியலிட்ட பெரிய கம்பெனிகள் இருந்தால் இன்னொரு கதவும் திறக்கும். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள் 2022–23 முதல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குப் பொறுப்புடைமை, நிலைத்தன்மை அறிக்கை கொடுக்கின்றன. மாற்றுத்திறனாளி ஊழியர் எத்தனை பேர், வளாகம் அவர்களுக்கு ஏற்றதா, சம வாய்ப்புக் கொள்கை உண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. அந்தக் கேள்விகள் மெல்ல மெல்ல சப்ளையர்கள் பக்கமும் வருகின்றன. உங்கள் வாடிக்கையாளரின் எச்ஆர் பிரிவுக்கு எழுதி, "நீங்கள் நடத்தும் பயிற்சியில் எங்கள் ஆட்கள் பத்துப் பேருக்கு இடம் தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தொழிற்சாலைகள் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டு ஒரே பயிற்சியாளரை ஒரே நாளில் அழைத்து, பயணச் செலவைப் பங்கிட்டுக்கொள்வதும் ஓசூரில் முடியும். உங்கள் ஊர்த் தொழில் சங்கத்தில் அதற்கு ஒருவர் முன்வந்தால் போதும்.

எம்.டி.க்கு அனுப்பும் குறிப்பை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மேலே பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு, அடுத்து 21 ஆள்நாள், அடுத்து பயிற்சியாளர், மொழிபெயர்ப்பாளர் கட்டணம், கடைசியில் கொள்கையில் சேர்க்க வேண்டிய வாக்கியம். சிஎஸ்ஆர் ஏன் கூடாது என்பதை ஆடிட்டர் வாயால் சொல்லவையுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.

தேதி குறிக்கும்போது டிசம்பர் 3-ஐத் தவிருங்கள். உலக மாற்றுத்திறனாளிகள் நாள் என்று எல்லாக் கம்பெனியும் அந்த வாரத்தில்தான் நிகழ்ச்சி வைக்கும். நல்ல பயிற்சியாளர் கிடைக்க மாட்டார், மொழிபெயர்ப்பாளர் சுத்தமாகக் கிடைக்க மாட்டார். உங்களுக்கு ஆர்டர் குறைவாக இருக்கிற மாதம் எது என்று உற்பத்தி மேலாளரைக் கேட்டு, அந்த மாதத்தில் வையுங்கள்.